வைப்பரில் தொங்கிய பலகை

டிப்போ
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பலமுறை ஃபோன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. சார் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: "அவளுக்கு எதுவா இருந்தாலும் எழுத்துல வேணும்ப்பா. வாயால சொன்னா போய்ச் சேராது." அதனால் எழுதுகிறேன். காலை முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுத்துவிடலாம். பஸ் திரும்பும் இடமே உங்கள் வீட்டு வாசல்தானே.

போன மாதம் டிப்போ வாசலில் நடந்த விபத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்சக்கரத்தில் பிரேக் இல்லாத வண்டி ஒன்றை டிரைவர் வெளியே எடுத்துவிட்டார். வாசல் சரிவில் வண்டி நிற்கவில்லை, சுற்றுச்சுவரில் போய் மோதியது. பயணிகள் யாரும் ஏறியிருக்கவில்லை. படியில் நின்று விசில் கொடுத்துக்கொண்டிருந்த நம் ரைட்டு மட்டும் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்பாரே, அந்தக் கண்டக்டர்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. மண்டல அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும். பயப்பட வேண்டாம். டிப்போவில் 'தவறான பலகை முறை' ஒன்று இருந்தது, அதைத் தொடங்கியவர் முன்னாள் கிளை மேலாளர், அதாவது சார், என்று அதில் இருக்கும். இறந்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. உங்கள் பென்ஷனுக்கு ஒரு குறையும் வராது, நானே விசாரித்துவிட்டேன். குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இருந்தால் இந்த மாத முடிவுக்குள் தெரிவிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரியை நீங்கள் பார்க்காதது போல் விட்டுவிட்டால் கோப்பு அதோடு மூடிவிடும். உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் வேலை போகாது.

இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சார் இருந்திருந்தால் "என் பேர்ல போட்டுக்கப்பா" என்று அவரே சொல்லியிருப்பார்.

அன்புத் தம்பி


கடைசி நிறுத்தம்
பிப்ரவரி 11

கிளை மேலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் மண்டல அலுவலகத்தின் நோட்டீஸும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. உங்களுடையது பஸ்ஸில், அவர்களுடையது தபாலில். இரண்டிலும் 'தவறான பலகை முறை' என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. யாருடைய சொல்லை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருடம் உங்களை 'நீ' என்றே எழுதிய கை இது. இன்று 'நீங்கள்' என்று எழுதுகிறது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கணவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ஒரு டிரைவர் பிரேக் இல்லாத வண்டியை எடுத்ததற்கு அவர் எப்படிக் காரணமானார்? எழுந்து வந்து சாவியைக் கொடுத்தாரா?

டிப்போவின் பென்சில்கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் அலுவலகத் தாளில் படம் வரைந்துவிட்டாள். அவர் அந்தத் தாளை, படத்தோடு, மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்து நீங்களே சிரித்திருக்கிறீர்கள். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருக்கிறது. வருடம் முழுவதும் ஒரு ட்ரிப்கூடத் தவறாத டிப்போ என்று மண்டலமே கூடி நின்று அவருக்குக் கொடுத்தது. அன்று கீழே நின்று கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர். விசில்கூட அடித்ததாக நினைவு.

பென்ஷனைப் பற்றி நான் உங்களிடம் கேட்டேனா?

கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஒழுங்கு, பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பது. இப்போது அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரால் எழுந்து நிற்க முடியாது. அவருக்காக நான் நிற்பேன்.

அதற்கு முன், இந்தப் பலகை முறை என்பது என்ன? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். என்னவென்று தெரியாத ஒன்றை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.


டிப்போ
பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். பிற்பகலில்தான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஓடும் வண்டி எத்தனை, பழுதில் எத்தனை, ஸ்பேராக நிற்கும் மாற்று வண்டி எத்தனை என்று மண்டலம் மாதாமாதம் கேட்கும். சார் பொறுப்பேற்ற முதல் வருடம் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஸ்பேர் இரண்டு என்று எழுதினார். அடுத்த வாரமே ஆள் வந்து இரண்டையும் வேறு டிப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு நம் வண்டி ஒன்று வழியில் நின்றது. மாற்று வண்டி இல்லை, ட்ரிப் ரத்தானது. ட்ரிப் ஏன் ரத்து என்று அதே மண்டலம் சாருக்கு மெமோ கொடுத்தது. ஸ்பேரை எடுத்துக்கொண்டு போனவர்களும் அவர்கள்தான், ஸ்பேர் ஏன் இல்லை என்று கேட்டவர்களும் அவர்கள்தான். உள்ளதைச் சொன்ன டிப்போக்கள் எல்லாம் மெலிந்துகொண்டே போயின. மறைத்தவர்கள் மேடையேறினார்கள்.

அதன் பிறகுதான் சார் அந்தப் பலகையைக் கையில் எடுத்தார். பழுதான வண்டியின் ஸ்டீயரிங்கில் 'ஓட்டாதே' என்று ஒரு தகரப் பலகை மாட்டுவோம் அல்லவா? அதில் ஒன்றை எடுத்து நல்ல வண்டி ஒன்றில் மாட்டினார். ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பழுது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் நம் டிரைவர்களுக்கு எது உண்மை, எது வேஷம் என்று தெரிய வேண்டுமே? ஸ்டீயரிங்கில் பலகை தொங்கினால் நிஜமான பழுது. முன் கண்ணாடியின் வைப்பரில் தொங்கினால் நல்ல வண்டி, அவசரத்துக்கு எடுக்கலாம். வாயால் மட்டும் சொல்லிவைத்த ஏற்பாடு அது. நம் டிப்போவைத் தாண்டிப் போனதில்லை. ஒளித்துவைத்த வண்டிக்கு டிரைவர்கள் 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மன்னிக்க வேண்டும், அவர்கள் வாய் அப்படி.

அந்தக் கேடயத்தைச் சின்ன வீடுதான் வாங்கிக் கொடுத்தது, அக்கா.

புது மெக்கானிக் ஒருவர் வேறு டிப்போவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். விபத்துக்குள்ளான வண்டியின் பின்சக்கரத்தில், பிரேக் உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங்கைக் கழற்றினார். மாற்றுவதற்குப் புது லைனிங் ஸ்டோரில் இல்லை. மண்டல மேலாளரிடம் கேட்டிருந்தேன். அவருக்கு இங்கே 'அடுத்த மாதம்' என்று பெயர், எதைக் கேட்டாலும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். எங்களிடம் உருப்படியாக இருப்பது ஒரே பிட், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம். அடுத்த வண்டி அதற்குக் காத்திருந்தது. அதனால் மெக்கானிக் லைனிங் இல்லாமலே சக்கரத்தைப் பூட்டி, வண்டியைத் தள்ளி மூலையில் நிறுத்தினார். பொறுப்பாகப் பலகையும் மாட்டினார். அவருடைய பழைய டிப்போவில் நிஜப் பழுதுக்கே பலகையை வைப்பரில்தான் மாட்டுவார்களாம்.

காலையில் டிரைவரின் வண்டி கிளம்பவில்லை. மூலையில் வைப்பரில் பலகையோடு ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தார். எடுத்தார். சமதரையில் முன்பிரேக் தாங்கியது. சரிவில் தாங்கவில்லை.

நீங்கள் ஆட்சேபித்தால் குழு அடுத்த ஆளைத் தேடும். இந்த இடத்தில் எப்போதும் கீழேதான் தேடுவார்கள். புது மெக்கானிக் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு தாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யோசியுங்கள், அக்கா.

தம்பி


கடைசி நிறுத்தம்
பிப்ரவரி 16

கிளை மேலாளர் அவர்களுக்கு,

காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தி முடித்த பிறகு, கணவருக்குச் சின்ன வீடு இருந்ததை டிப்போ மேலாளரின் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்திருக்கிறது.

நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் கை ஓடவில்லை. எதிரே கேடயம் தொங்கியது. வருடம் முழுவதும் ஒரு ட்ரிப்கூடத் தவறவில்லை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும், அது எப்படி ஒரு ட்ரிப்கூடத் தவறாமல் இருந்தது என்று இத்தனை நாள் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாராட்டைக் கேள்வி கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. ஒன்றே ஒன்றுதான்.

டிரைவருக்குத் தெரிந்திருந்தது. கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கடிதத்தின்படி வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரேக்கைக் கழற்றும் மனிதருக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?


டிப்போ
பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இரண்டு நாளாக மண்டல மேலாளர் இங்கேயே இருந்தார். ஆய்வு என்று சொன்னார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிர் நாற்காலியை என்னிடம் காட்டினார்.

"அந்த அம்மா எழுதுவாங்களா?" என்றார்.

"பேசிப் பாக்கறேன் சார்."

"பேசுங்க. உங்க புரமோஷன் ஃபைல் என் மேசைலதான் கெடக்கு."

ஷெட்டைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன். மூலையில் இன்னும் ஒரு வண்டி வைப்பரில் பலகையோடு நின்றுகொண்டிருந்தது. அந்தக் களேபரத்தில் அதை மறைக்க மறந்துவிட்டோம். அவர் பக்கத்தில் போய்ப் பலகையை விரலால் சுண்டினார். தகரம் கணீரென்றது.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நானும் டிப்போல இருந்து வந்தவன்தானே? நாங்க டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுவோம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கீழே இருக்கிறவர்கள் வண்டி கேட்கிறார்கள், மேலே இருக்கிறவர்களும் வண்டி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான். சாரும் இதே நாற்காலியில் இருந்தவர். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர். தன் பெயரால் ஒரு கோப்பு மூடுவதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ரைட்டு தேறிவருகிறார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


கடைசி நிறுத்தம்
பிப்ரவரி 22

கேள்விக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் கேட்கிறேன்.

பிரேக்கைக் கழற்றும் மனிதருக்கு ஏன் சொல்லவில்லை?


டிப்போ
பிப்ரவரி 25

அக்கா,

நேற்று நீங்கள் இங்கே வந்ததாக வாட்ச்மேன் சொன்னார். பிட் பக்கம் போய்ப் புது மெக்கானிக்கோடு நின்று வெகுநேரம் பேசினீர்களாம். என் அறையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். உள்ளே வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன்.

சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்.

எங்கள் வண்டிகளைப் பலமுறை கொண்டுபோன டிப்போவிலிருந்து அவர் வந்திருந்தார். மண்டல மேலாளரே நேரடியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். நாங்கள் கேட்காத ஆள். லைனிங் கேட்டால் வராது, டயர் கேட்டால் வராது, கேட்காத ஆள் மட்டும் எப்படி வந்தான்? உளவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். "அவன் முன்னாடி சின்ன வீட்டுப் பேச்சு எடுக்காதீங்க. வேவு பாக்க வந்திருக்கான்" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சொன்னபடியே நடந்துகொண்டார்கள். இந்த டிப்போவில் என் பேச்சை எல்லோரும் முழுதாகக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அவர் உளவாளி இல்லை. அம்மாவின் ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று மாற்றல் கேட்டு வந்தவர். விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாராக இருந்தால் முதல் நாளே தோளில் கைபோட்டு, ஷெட்டைச் சுற்றிக் காட்டி, பலகையையும் காட்டியிருப்பார். அவர் மறைத்தது மேலே இருப்பவர்களிடம் மட்டும். நான் கூட வேலை செய்கிறவனிடமே மறைத்துவிட்டேன்.

இதை விசாரணையில் நான் சொல்லவில்லை.


கடைசி நிறுத்தம்
பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதம் வருமுன்பே எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் அது உன் கையால் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது. இனி 'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் தீரவில்லை. ஆனால் கோபம் வேறு, பழக்கம் வேறு.

உன் அறைக்கு வராததற்குக் காரணம், வந்திருந்தால் நீ தேநீர் வரவழைத்திருப்பாய். அதைக் குடித்துவிட்டு உன்னிடம் கடுமையாக நடக்க எனக்கு வந்திருக்காது.

முதலில் மருத்துவமனைக்குப் போனேன். ரைட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அதைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, பார்க்காமல் இருப்பது அவரை இன்னும் சிறுமைப்படுத்துவது என்று தோன்றியது. பார்த்தேன்.

"பலகையை முதல்ல மாட்டினது சாரா?" என்று கேட்டேன்.

"ஏம்மா இப்போ அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

"ஆமாம்மா. பலகையைப் புடிச்சிட்டு நின்னது நான்தான். சார் கம்பி வெச்சுக் கட்டினாரு. கட்டி முடிச்சிட்டு, 'இது நல்ல பழக்கம் இல்லடா, பழகிடக் கூடாது'ன்னாரு. மறுநாள் பார்த்தா ஒரு ட்ரிப்பும் தவறல. அப்புறம் எங்க விடறது? பழகிப்போச்சு."

"உங்களுக்கு யார்மேல கோவம்?"

"விசில் குடுத்தது நான்தானேம்மா. வண்டி ரைட்டுன்னு சொன்னதே நான்தான்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பழைய நாளையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாள். தகரம் கிழித்துவிட்டது என்றார். உப்பு டப்பா எந்த அலமாரியில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறவள் நான். எந்தத் தகரம் என்று அன்று கேட்கவில்லை.

பிறகு உன் டிப்போ. அந்த மெக்கானிக் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வாளியை எனக்குக் கொடுத்தார். உட்கார்ந்தேன். "ரெண்டு மாசமா நான் வந்தா இங்க பேச்சு நின்னுடும்மா. நான் ஏதோ தப்பா நடந்துக்கிட்டேன் போலன்னு நெனச்சேன். எங்க வீட்லகூட கேட்டேன், என் பேச்சுல திமிர் இருக்கான்னு" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி முடிவைச் சொல்கிறேன். நான் ஆட்சேபிக்கவில்லை. பதில் எழுதாமலும் இருக்கப் போவதில்லை.

இத்துடன் ஒரு கடிதம் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை, நீ படிக்கலாம். நல்ல வண்டிகளில் பொய்ப் பலகை மாட்டும் பழக்கத்தைத் தொடங்கியவர் என் கணவர் என்று அதில் எழுதியிருக்கிறேன். அவர் செய்தது பொய், அதை நான் வேறு பெயரால் அழைக்கவில்லை. உள்ளதைச் சொன்ன டிப்போவிடமிருந்து வண்டியைப் பறித்து, பிறகு ட்ரிப் ஏன் தவறியது என்று கேட்ட அலுவலகம்தான் அந்தப் பொய்யை அவருக்கு அவசியமாக்கியது என்றும் எழுதியிருக்கிறேன். புது மெக்கானிக் வண்டியில் பலகை மாட்டினார். அவர் வேலை அதுதான், அதைச் செய்தார் என்றும் எழுதியிருக்கிறேன். என் கணவர் பங்கை என் கணவர் சுமக்கட்டும். மற்றவர்கள் பங்கையும் சேர்த்துச் சுமக்க, இறந்துபோன ஒருவர் கூலிக்காரர் இல்லை.

நீ சொன்ன உத்தரவைப் பற்றியும், மண்டல மேலாளர் பலகையைச் சுண்டிச் சிரித்ததைப் பற்றியும் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவை நான் பார்த்தவை அல்ல. அங்கே இருந்தவன் நீ.

குடும்பத்தாரின் கடிதம் 'உரிய வழியில்', கிளை மேலாளர் மூலமாகத்தான் வர வேண்டும் என்று நோட்டீஸில் இருக்கிறது. அதனால் இது உன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ அனுப்பாவிட்டால் யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

கேடயத்தைக் கழற்றிவிட்டேன். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருக்கிறது.


டயர் கிடங்கு
மார்ச் 14

அன்புள்ள அக்கா,

மேலே இருக்கும் முகவரியைப் பார்த்தே பாதி புரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை முதலில் இழுப்பறையில் வைத்தேன். மறைக்க வேண்டும் என்றில்லை, அடுத்த நாள் பார்க்கலாம் என்றுதான். அப்படி நினைத்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு என்று தொடங்கி அடுத்த மாதம் என்று போவதற்கு அதிக தூரம் இல்லை.

கெடு முடியும் நாளன்று அனுப்பினேன். மேலே என் குறிப்பு ஒன்றையும் வைத்தேன். புதியவரிடம் சொல்ல வேண்டாம் என்று உத்தரவிட்டது நான் என்று எழுதினேன். மண்டல மேலாளருக்கு இந்த முறை முன்பே தெரியும், ஷெட்டில் என் எதிரே சொன்னார் என்றும் எழுதினேன்.

அன்றே பலகைகளைக் கழற்றச் சொன்னேன். புது மெக்கானிக்தான் கழற்றினார். ஒரு டிரைவர் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த மாத அறிக்கையில் ஸ்பேர் இரண்டு என்று உள்ளபடி எழுதினேன்.

மெக்கானிக்கின் வேலை தப்பியது, எச்சரிக்கையோடு விட்டார்கள். டிரைவர் மேலும் நடவடிக்கை இல்லை. ரைட்டுவுக்கு டைம் ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். குழுவின் அறிக்கையில் சார் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது, உங்கள் கடிதம் இணைப்பாக இருக்கிறது. மண்டல மேலாளரைப் பற்றி நான் எழுதிய வரி மட்டும் எங்கேயும் இல்லை. அது காற்றில் கரைந்துவிட்டது. அவர் அப்படியே இருக்கிறார். என்னை இங்கே அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத கிடங்கு. டயரைவிட டயர் கேட்டு வரும் தாள்கள்தான் அதிகம்.

சொல்லத் தயங்கிய ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். ஸ்பேர் இரண்டு என்று எழுதினேன் அல்லவா, அந்த வாரமே ஆள் வந்து இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சார் காலத்தில் நடந்தது போலவே. ஒரு வண்டி படுத்ததும் டிப்போ தாங்கவில்லை. எதையாவது நிறுத்தியாக வேண்டும். குறைந்த ஆட்கள் ஏறும் ட்ரிப் எது என்று பார்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரின் காலை முதல் பஸ்ஸை வரும் திங்கள் முதல் ரத்து செய்துவிட்டார்கள். சார் எதைத் தவறவிட்டாலும் அதை மட்டும் தவறவிடக் கூடாது என்பார்.

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. கிடங்கிலிருந்து கொடுத்தனுப்ப வழியில்லை, திங்கள் முதல் அந்த வண்டியும் இல்லை.

என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கத் தெரியவில்லை.

தம்பி


கடைசி நிறுத்தம்
மார்ச் 20

தம்பி,

உன் கடிதம் கிடைப்பதற்குள் செய்தி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை நிறுத்தத்தில் வழக்கமான கூட்டம் நின்றது. பஸ் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது. நான் மண்டல அலுவலகத்துக்குக் கிளம்பி நின்றிருந்தேன், அந்த ட்ரிப்பைத் திருப்பிக் கேட்பதற்காக.

மருத்துவமனையில் வார்டு கழுவும் பெண் ஒருத்தி. எங்கள் தெருக் கோடியில் இருக்கிறாள். என்றும் அந்த முதல் பஸ்ஸில்தான் போவாள். அவள்தான் உரக்கச் சொன்னாள்: "டிப்போல ஒளிச்சு வெச்சிருந்த வண்டியையெல்லாம் காட்டிக் குடுத்துட்டாங்களாம். எவனோ பெரிய உத்தமன் எழுதிப் போட்டானாம். அவன் எழுதிட்டான், நமக்கு பஸ் போச்சு."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

தம்பி, பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். அங்கே யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"எவனும் இல்லம்மா. எழுதினது நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்களுக்கென்னம்மா, எழுதிட்டு வீட்டுக்குள்ள போயிடுவீங்க. நான் லேட்டா போனா பாதி நாள் போச்சு. ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் வாயில என்னென்ன வரும்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுதியது சரிதான், இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன். ஆனால் என் சரிக்கு அவள் பாதி நாள் போகிறது. இரண்டும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் கணவர் அந்தப் பலகைக் கம்பியைக் கட்டியிருக்கிறார் என்று அங்கே நிற்கும்போது புரிந்தது. கட்டியது சரி என்று இன்னும் நான் சொல்லவில்லை. ஆனால் தகரம் கிழித்த அவர் கட்டைவிரல் இப்போது என் கண்ணுக்குத் தெரிகிறது.

எட்டு மணி பஸ் நிரம்பி வழிந்து வந்தது. ஏறினோம். என் நரையைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவளை உட்காரச் சொன்னேன். "நீங்க உக்காருங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். நானும் உட்காரவில்லை. அத்தனை நெரிசலில் அந்த ஓர் இடம் மட்டும் காலியாக வந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்து, "யாருக்கும் வேணாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மண்டல அலுவலகத்தில் வெகுநேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிறகு உன் மேலாளர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். சார் போன்றவர்களை இனிப் பார்க்க முடியாது என்றார். ட்ரிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்றார்.

"நான் நாளைக்கே வரேன்" என்றேன்.

சிரித்தார். மறுநாள் போனபோது சிரிக்கவில்லை. நேற்றும் போனேன்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு எழுத்தில் பதில் தர எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நேரில் வா. நீயே தேநீர் போடு, குடிக்கிறேன்.

நாளைக்கும் போகிறேன். எட்டு மணி பஸ்ஸில்தான் போக வேண்டும். அவளும் வருவாள்.

அக்கா